ஆறு அடித்துப்போன சாலையை அதே இடத்தில் போடாமல் ஏன் மலைமேல் கொண்டுபோனார்கள்? (யெல்லோஸ்டோன்)

நெல்லைக்காரன்:

வணக்கம் நண்பர்களே. போன மாதம் குடும்பத்தோடு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தோம். இது எங்களுக்கு இரண்டாவது முறை. முதலில் போனது 2017இல், அப்போது மகளுக்கு ஐந்து வயது. மொன்டானாவில் இருக்கிற கார்டினர் ஊர் வழியாக, வடக்கு வாசலில் நுழைந்து மேமத் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். கார்ட்னர் ஆற்றை ஒட்டியே பள்ளத்தாக்கின் அடியில் வளைந்து வளைந்து போகிற சாலை. கார்க் கண்ணாடியை இறக்கினால் தண்ணீர்ச் சத்தம், நிமிர்ந்து பார்த்தால் செங்குத்துப் பாறையில் வளைந்த கொம்போடு காட்டுச் செம்மறிகள். மகள் ஒன்பது ஆடு எண்ணினாள், அந்த ஒன்பதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்த முறை அதையே மறுபடி காட்டலாம் என்று ஆசையாகப் போனால், வாசலைத் தாண்டியதும் வண்டி ஆற்றுப் பக்கம் போகவே இல்லை. புல் முளைத்த மொட்டை மேட்டில் ஏறி, வளைந்து வளைந்து நேராக மேமத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டது. "அப்பா, ஆறு எங்கே?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2022 வெள்ளம் பற்றிச் செய்தியில் பார்த்ததுதான். பூங்கா நிர்வாகம் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்துப் போட்ட வீடியோவையும் வந்தபிறகு தேடிப் பார்த்தேன். பல இடங்களில் சாலை அறுந்திருக்கிறது, சரி. ஆனால் இடையில் நல்ல தார்ச் சாலை நீளம் நீளமாக அப்படியே இருக்கிறதே. அறுந்த இடத்தில் மண்ணைக் கொட்டி, பாறாங்கல்லை அடுக்கி, ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி மறுபடி தார் போட்டால் முடிந்துபோகாதா? இவ்வளவு இயந்திரமும் பணமும் இருக்கிற நாட்டில் ஏன் அதைச் செய்யாமல் புதுப் பாதைக்குப் போனார்கள்? "ஆற்றின் இடத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டார்கள்" என்று மைத்துனர் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது நிஜமான காரணமா, இல்லை சுற்றுச்சூழல் விதி ஏதாவது தடுக்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், மகளுக்கும் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரைப் பொறியாளன்:

நல்ல கேள்வி நெல்லைக்காரரே. நான் ஆரிகன் மாநிலத்தில் ஆற்றோரச் சாலை வேலைகளில் 14 வருடமாக இருக்கிறேன். யெல்லோஸ்டோன் வேலையில் எனக்குப் பங்கு இல்லை, ஆனால் இதே மாதிரி அறுந்த சாலைகளோடுதான் என் பிழைப்பு.

முதலில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். 2022இல் மலையில் பனி தாமதமாக, ஜூன் வந்தும் கனமாகக் கிடந்தது. 12, 13 தேதிகளில் அதன்மேல் வெதுவெதுப்பான மழை பெய்தது. மழை நீர் ஒரு பங்கு, அது உருக்கிய பனி இன்னொரு பங்கு, இரண்டும் ஒரே இரவில் இறங்கின. கார்டினருக்குக் கீழே கார்வின் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், கார்ட்னர் ஆறு போய்ச் சேருகிற யெல்லோஸ்டோன் ஆற்றுக்கு ஒரு நீர்மட்ட அளவுமானி இருக்கிறது. அதற்கு முந்தைய உச்சம் 1918இல் பதிவான 11.5 அடி. அன்று 13.88 அடி காட்டியது. நூறு வருடமாக யாரும் தொடாத கோட்டை இரண்டு அடிக்கு மேல் தாண்டியிருக்கிறது. பூங்காவுக்குள் இருந்த 10,000க்கும் மேற்பட்ட பயணிகளை வெளியேற்றி ஐந்து வாசலையும் மூடினார்கள்.

இப்போது உங்கள் கேள்வி, "அறுந்த இடத்தை மட்டும் அடைத்தால் என்ன?" வெள்ளம் மேலிருந்து தார் மேல் ஏறிச் சாலையை உடைக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவுப் பக்கம் வேகம் அதிகம். அங்கே கரையின் காலடியில், தண்ணீருக்கு அடியில், ஆறு குழி பறிக்கும். மேலே நின்று பார்த்தால் சாலை நன்றாகத்தான் இருக்கும். அடியில் பிடிமானம் போன பிறகு ஒரு தடத்தின் அகலத்துக்கு மண் மொத்தமாகச் சரியும், தார் மட்டும் கொஞ்ச நேரம் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் அதுவும் முறிந்து விழும். நீங்கள் வீடியோவில் பார்த்த அந்த "நல்ல சாலை நீளங்கள்" எத்தனை இடத்தில் அடியில் வெற்றிடமாக இருக்கும் என்பது தோண்டிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

சரி, பாறாங்கல் அடுக்கலாமே? அடுக்கலாம். நானே லாரி லாரியாக அடுக்கியிருக்கிறேன். அடுக்கின இடத்தில் கரை நிற்கும். ஆனால் அங்கே செலவழியாத வேகத்தை ஆறு அடுத்த வளைவுக்கோ எதிர்க் கரைக்கோ எடுத்துக்கொண்டு போகும், பாறையின் காலடியிலும் பறித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அடுத்த வளைவிலும் அடுக்க வேண்டும், அதற்கடுத்ததிலும் அடுக்க வேண்டும். அகலமான சமவெளியில் ஓடுகிற ஆறு என்றால் வேகத்தைப் பரப்பிவிட இடம் உண்டு. கார்ட்னர் பள்ளத்தாக்கில் அந்த வசதி கிடையாது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் எப்போது வேண்டுமானாலும் சரிகிற களிமண் சரிவு, நடுவில் இருக்கிற சிறிய தட்டையான இடத்தை ஆறும் சாலையும் பங்கு போட்டுக்கொண்டு இருந்தன. அந்தத் தட்டையான இடம் எப்படி வந்தது என்று யோசியுங்கள். ஆறு பழைய வெள்ளங்களில் கொண்டுவந்து போட்ட கல்லும் மணலும்தான் அது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் படுகை என்போம். படுகையில் வாழை வைக்கிறவனுக்கு ஆறு ஏறும் என்று தெரியும், தெரிந்தேதான் வைப்பான். சாலை போட்டவர்களுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் மலைநாட்டில் வேறு எங்கே சமமான இடம் கிடைக்கும்? பள்ளத்தாக்கின் அடிதான் மலிவான வழி. அமெரிக்காவின் மலைப் பூங்காக்களில் பல சாலைகள் இப்படி ஆற்றோடு ஒட்டித்தான் போகின்றன.

அந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே மேமத்தின் கழிவுநீரைக் கார்டினர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிற குழாயும் போயிற்று. சாலை அறுந்தபோது அதுவும் அறுந்தது. ஒரே பள்ளத்தில் எல்லாவற்றையும் வைத்தால் எல்லாம் ஒரே இரவில் போகும்.

இன்னொன்று, 2022 வெள்ளத்தை 500 வருட வெள்ளம் என்று எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு "இனி 500 வருடம் வராது, பேசாமல் கட்டலாம்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதன் பொருள், எந்த ஒரு வருடத்திலும் அது வர 500இல் ஒரு வாய்ப்பு என்பதுதான். அடுத்த வருடமும் அதே வாய்ப்பு. 100 வருட வெள்ளம் என்பதை எடுத்தால், 30 வருடக் காலத்தில் ஒருமுறையாவது வர கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பழைய அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. பனி உருகுகிற காலமும் மழையின் கனமும் மாறிக்கொண்டு வரும்போது, அந்தக் கணக்கை நம்பி இன்னொரு முறை பள்ளத்தில் கோடிகளைக் கொட்டச் சொன்னால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மொன்டானா_மீனாட்சி:

பொறியாளர் அண்ணன் சொன்னதற்கு நான் நேரில் பார்த்ததைச் சேர்க்கிறேன். நான் போஸ்மனில் இருக்கிறேன். 2022 ஜூன் 12 ஞாயிற்றுக்கிழமை இரவு தோழிகளோடு கார்டினரில் தங்கியிருந்தோம், மறுநாள் காலை பூங்காவுக்குள் போவதாகத் திட்டம்.

விடியற்காலையில் எழுந்ததே சத்தத்தில்தான். முதலில் இடி என்று நினைத்தேன். இடி என்றால் விட்டு விட்டு வரும் இல்லையா, இது விடவே இல்லை, தரைக்கு அடியிலிருந்து கடகடவென்று வந்துகொண்டே இருந்தது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றபோது ஒரு பெரியவர் சொன்னார், அது தண்ணீர்ச் சத்தம் இல்லை, ஆற்றின் அடியில் பாறைகள் உருள்கிற சத்தம் என்று. காபியில் பாலைக் குறைத்து ஊற்றின நிறத்தில் தண்ணீர், அதில் முழுப் பைன் மரங்கள் வேரோடு, பச்சை இலையோடு, நிமிர்ந்தபடியே போய்க்கொண்டிருந்தன. அன்றைக்குத்தான் பூங்கா ஊழியர்கள் குடியிருந்த ஒரு பெரிய வீடு அடியில் கரை அரித்து அப்படியே ஆற்றுக்குள் சாய்ந்து, உடையாமல் மிதந்து போனது, நீங்களும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். வடக்கே போகிற நெடுஞ்சாலையிலும் வெள்ளம் ஏறிவிட்டதால் ஊரைவிட்டு வெளியே போக வழியில்லை. அடுத்த நாள்தான் கிளம்ப முடிந்தது.

நான் இதை எழுத வந்த காரணம் வேறு. வெள்ளம் வடிந்ததும் கார்டினரின் நிலைமை மோசமாக இருந்தது. பூங்காவின் வடக்கு வாசல்தான் வருடம் முழுக்கக் கார்கள் போகிற ஒரே வாசல். அந்த ஊரில் விடுதி, சாப்பாட்டுக் கடை, படகுச் சவாரி என்று எல்லாருக்கும் கோடைக் காலத்து வருமானம்தான் வருடத்துக்குமான வருமானம். பூங்காவின் தெற்கு வளையச் சாலையை ஜூன் 22ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், ஒற்றைப்படை எண் வண்டி ஒரு நாள், இரட்டைப்படை எண் வண்டி மறுநாள் என்று முறை வைத்து. கார்டினருக்கு மட்டும் உள்ளே போக வழியில்லை. குளிர்காலம் வந்தால் வடகிழக்கு மூலையில் இருக்கிற குக் சிட்டி மக்கள் கார்டினர் வழியாகத்தான் வெளியே வர முடியும், அவர்களுக்கு மளிகை, மருத்துவமனை எல்லாம் இந்த வழிதான். ஆகவே அக்டோபருக்குள் ஏதாவது ஒரு சாலை வேண்டும்.

நல்லவேளையாகப் பழைய கார்டினர் பாதை ஒன்று மேட்டின் மேல் இருந்தது. 1880 வாக்கில் குதிரை வண்டிகள் போன தடம், நம் காலத்தில் ஒற்றைத் தட மண் பாதை. அதை அகலப்படுத்தி, இரண்டு தடமாக்கி, தார் போட்டு, தடுப்புக் கம்பி வைத்து அக்டோபர் 30ஆம் தேதி திறந்தார்கள். நெல்லைக்காரர் அண்ணா, நீங்கள் போனது அந்தச் சாலைதான். பள்ளத்தாக்கில் வேலை தொடங்கியிருந்தால் அந்தக் குளிர்காலத்துக்குள் முடிந்திருக்கவே முடியாது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். குதிரைக்காரர்கள் மேட்டில் போனதற்குக் காரணம் இருந்திருக்கிறது.

செம்மறிகள் எங்கேயும் போய்விடவில்லை, மகளிடம் சொல்லுங்கள். அதே பாறையில்தான் இருக்கின்றன, இப்போது கீழே கார் இல்லை.

அகிலா_சியாட்டில்:

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதே கதை யெல்லோஸ்டோனுக்கு 16 வருடம் முன்பே நடந்து முடிந்தது. அங்கே மாற்றுப் பாதைகூட இல்லை.

வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைப் பூங்காவின் வடமேற்கு மூலையில் கார்பன் ஆறு. கார்பன் பனிப்பாறையிலிருந்து வருகிறது. அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவிலேயே மிகத் தாழ்வான உயரம்வரை இறங்கி வந்திருக்கிற பனிப்பாறை அது. ஆற்றோரமாக மழைக்காட்டுக்குள் இப்சட் க்ரீக் என்ற முகாம் இடம்வரை 5 மைல் மண் சாலை இருந்தது, 1920களில் போட்டது. நான் 2005இல் ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு முட்டிவலி, நடக்க முடியாது. காரில் உட்கார்ந்தபடியே பாசி தொங்குகிற அந்தப் பெரிய மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார், இப்சட்டில் இறங்கி ஒரு மரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்க் கோயில் மரத்தைவிட மூத்தது போல இருக்கே" என்றார்.

2006 நவம்பரில் 36 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 18 அங்குலம் மழை கொட்டியது. ரெய்னியர் பூங்கா முழுவதும் ஆறு மாதம் மூடிக் கிடந்தது. மலையின் தெற்குப் பக்கம் நிஸ்குவாலி ஆற்றோரம் இருந்த சன்ஷைன் பாயிண்ட் என்ற முகாம் இடம் அடியோடு போனது. இங்கே கார்பன் சாலையில் நீளமான பகுதிகளை ஆறு எடுத்துக்கொண்டது. அதற்கு முன் எத்தனையோ தடவை அறுந்து, ஒவ்வொரு தடவையும் சரிசெய்து திறந்த சாலைதான். இந்தத் தடவை காருக்கு இனி இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். நடக்கலாம், சைக்கிளில் போகலாம், அவ்வளவுதான்.

எனக்கு அன்றைக்கு ரொம்பக் கோபம். பிறகு ஒருநாள் நடந்து போனேன். சாலை ஒரு இடத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு மட்டக்கோடு போட்டது போல நின்றுவிடும், அதற்கப்புறம் தலையளவு உருண்டைக் கல், கல், கல். ஒரு சிறுபாலத்தின் இரும்புக் குழாய், பக்கத்தில் மண்ணே இல்லாமல், கல்லுக்கு நடுவில் தனியாகக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் போய், சாலையில் நின்று மரங்களுக்கு ஊடே ஆற்றுப் பக்கம் பார்த்தேன். கீழே குனிந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தால், ஆற்றின் கற்படுகை என் இடுப்பு உயரத்துக்கு மேலே இருந்தது. சாலை ஆற்றைவிடப் பள்ளத்தில் இருக்கிறது! அங்கே நின்றபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

பனிப்பாறை பின்வாங்கிப் பின்வாங்கி, அதன் அடியில் பிடித்து வைத்திருந்த கல்லையும் மண்ணையும் வெளியே விடுகிறது. ஆறு அதைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, வருடத்துக்கு வருடம் மேடேறுகிறது. நம் ஊரில் ஏரி தூர்ந்துபோவது போல, இங்கே ஓடுகிற ஆறே தூர்கிறது. மேடேறின ஆறு பக்கத்தில் எது பள்ளமோ அங்கே பாயும். பள்ளமாக இருந்தது சாலை. எத்தனை முறை போட்டாலும் அது ஆற்றுக்கு வெட்டிக் கொடுத்த வாய்க்கால்தான்.

மலைச்சரிவில் ஏற்றிப் போட்டிருக்கலாமே என்று நானும் கேட்டேன். ஏற்றலாம், அதற்கு அம்மா தொட்டுப் பார்த்த மாதிரியான மரங்களை மைல் கணக்கில் வெட்ட வேண்டும். அவற்றில்தான் புள்ளி ஆந்தைகள் கூடு வைக்கின்றன, ஆற்றில் சால்மன் மீன் முட்டையிடுகிறது, இரண்டும் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. 2004இலேயே நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டுப் பூங்காவின் எல்லையை அந்தப் பக்கம் சுமார் 800 ஏக்கர் விரித்தார்கள், முகாம் இடத்தையும் மற்ற வசதிகளையும் ஆறு அடிக்காத இடத்தில் கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்று. சாலையை நகர்த்துவதற்குப் பதிலாகச் சாலை போய்ச் சேர வேண்டிய இடத்தையே நகர்த்தினார்கள் என்று சொல்லலாம்.

இது சரியான முடிவு என்று நான் நம்புகிறேன். அம்மாவால் இனி அந்த மரத்தைத் தொட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

சக்கரநாற்காலி_அப்பா:

அகிலா அவர்களே, உங்கள் கடைசி வரியில்தான் என் கேள்வியே இருக்கிறது.

என் அப்பா பத்து வருடமாகச் சக்கர நாற்காலியில். பூங்கா என்றால் அவருக்குக் கார் ஜன்னல்தான் பூங்கா. ஆறு, படுகை, மீன் எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "நடந்து போங்கள், சைக்கிளில் போங்கள்" என்று சொல்கிறபோது, நடக்க முடிகிறவர்கள் மற்றவர்களுக்காக முடிவெடுக்கிறார்கள். ஒரு சாலை மூடும்போது ஏதோ ஒரு காட்சி மட்டும் மூடுவதில்லை, சில ஆட்களுக்கு அந்த மலையே மூடிவிடுகிறது. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் 1997 ஜனவரி வெள்ளத்தில் மெர்சிட் ஆற்றோரம் இருந்த இரண்டு பெரிய முகாம் இடங்கள் போயின, திரும்பத் திறக்கவே இல்லை. காரை நிறுத்தி, கதவைத் திறந்து, ஆற்றங்கரை மரநிழலில் உட்காரலாம் என்பது வயதானவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, பணம். கார்டினருக்கு நான்கே மாதத்தில் சாலை கிடைத்தது, ஏனென்றால் அங்கே ஊர் இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. கார்பன் ஆற்றுக்குக் கிடைக்கவில்லை. "ஆறு முடிவு செய்தது" என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. சில இடங்களில் ஆறு சாலையை எடுத்தது, மனிதர்கள் அதைத் திரும்பத் தர வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதை அப்படியே சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரைப் பொறியாளன்:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. எங்கள் துறைக் கூட்டங்களில் இந்தக் குரல் குறைவாகத்தான் கேட்கிறது. ஒரு சாலையை விடுவதாக இருந்தால், நடக்க முடியாதவர்கள் அதே மாதிரியான ஆற்றையும் காட்டையும் வேறு எங்கே பார்க்க முடியும் என்பதை அதே அறிக்கையில் எழுதி, அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. வரைபடத்தில் கோட்டை அழித்துவிட்டு நடைபாதை என்று பெயர் எழுதினால் போதாது.

பணத்தைப் பற்றி வெளியில் அதிகம் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பேரிடரில் சேதமான மத்திய அரசுச் சாலைகளுக்கென்று அவசர நிவாரண நிதி ஒன்று இருக்கிறது. அதன் அடிப்படை நோக்கம் வெள்ளத்துக்கு முன் இருந்த நிலைக்குச் சாலையைத் திருப்புவது. அதைவிட மேலாக, உயரமாக, வேறு இடத்தில் கட்ட வேண்டும் என்றால் ஏன் என்று தனியாக நியாயம் காட்ட வேண்டும். ஆகவே பல வருடங்களாக என்ன நடந்தது என்றால், அறுந்த இடத்திலேயே திரும்பப் போடுவதுதான் காகிதத்தில் சுலபமான வழி, மூன்றாவது நான்காவது முறை அறுந்தாலும். அகிலா சொன்ன கார்பன் சாலை திரும்பத் திரும்பத் திறக்கப்பட்டதற்கும் அந்த மனப்போக்கு ஒரு காரணம்.

சட்டமும் ஒரு முடிச்சு. வட கேஸ்கேட்ஸ் பூங்காவில் ஸ்டிஹீக்கின் என்று ஒரு பள்ளத்தாக்கு. 50 மைல் நீளமான ஷெலான் ஏரியின் தலைப்பில் இருக்கிறது, வெளியுலகத்தோடு சாலைத் தொடர்பே இல்லை, படகில் போக வேண்டும், இல்லை நடக்க வேண்டும், இல்லை சிறு விமானம். அங்கிருந்து ஆற்றோரமாக மேலே போகிற ஒரு சாலையை 2003 அக்டோபர் வெள்ளம் அறுத்தது. மேட்டில் பழைய வண்டித்தடம் ஒன்று இருந்தது, கார்டினர் மாதிரியே. ஆனால் 1988இல் அந்தக் காட்டைச் சட்டப்படி வனாந்தரமாக அறிவித்தபோது, சாலைக்கு என்று ஆற்றோரமாக ஒரு குறுகிய பட்டையை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். பட்டைக்கு வெளியே ஒரு அடி நகர்ந்தாலும் வனாந்தரம், அங்கே வண்டி போகக்கூடாது. ஆறு நகர்ந்துவிட்டது, வரைபடத்தில் சாலைக்கான பட்டை பழைய இடத்திலேயே, தண்ணீருக்குள் இருக்கிறது! நகர்த்த வேண்டுமென்றால் நாடாளுமன்றம் போக வேண்டும். 2006இல் பூங்கா நிர்வாகம் அறுந்த இடத்துக்கு மேலே சாலையை மூடுவது என்று முடிவெடுத்தது.

யெல்லோஸ்டோனில் மேட்டுப் பாதை கைவசம் இருந்ததும், அதில் வனாந்தரச் சட்டம் குறுக்கே வராததும் பெரிய அதிர்ஷ்டம். ஆனால் மேட்டுப் பாதையும் சும்மா கிடைப்பதில்லை. கார்டினரிலிருந்து மேமத்துக்குச் சுமார் 900 அடி ஏற வேண்டும். பள்ளத்தாக்குச் சாலை ஆற்றோடு போய் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை நோகாமல் ஏறிவிடும். மேட்டுப் பாதையில் குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருப்பதால் சரிவு அதிகம், வளைவும் அதிகம். பனிக்காலத்தில் பனி தள்ளுகிற வண்டிக்காரர்களுக்கு வருடாவருடம் வேலை கூடும். ஆறு ஒரே இரவில் வாங்கியதை மலை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் பனியைத் தள்ள முடியும்.

நெல்லைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சுவர் கட்டினால் முடிந்தது என்று நினைத்துக் கேட்டேன். அடியில் குழி பறிப்பதை மகளுக்கு ஒரு தட்டில் மணலைக் குவித்து, குவளையால் மெல்லத் தண்ணீர் விட்டுக் காட்டினேன், மேலே வைத்த தீப்பெட்டி கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டு நின்று அப்புறம்தான் விழுந்தது, சரியாகப் பொறியாளர் சொன்னது போலவே. நான்கு முறை செய்யச் சொன்னாள். மீனாட்சி, ஆடு அங்கேயேதான் இருக்கிறது என்றதும் அவளுக்கு அது போதும்.

சக்கரநாற்காலி அப்பா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவளுடைய அம்மாவும் இதே நிலைதான். அகிலா அக்கா, அந்தக் கார்பன் ஆற்றை ஒருமுறை பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அடுத்த கோடையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு வரலாமா? பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கல் பாதை முடியுமா?

அகிலா_சியாட்டில்:

பிள்ளைக்குப் பாதை முடியும் தம்பி, 5 மைலில் பெரிய ஏற்றமே இல்லை, ஆறு எடுத்த இடங்களில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆனால் இப்போது அதற்கு முன்னாலேயே ஒரு தடை வந்துவிட்டது. பூங்காவுக்கு வெளியே, கார்பனாடோ ஊரைத் தாண்டி, கார்பன் ஆற்றின் மேல் ஃபேர்ஃபாக்ஸ் பாலம் என்று ஒன்று, 1921இல் கட்டியது. இரும்புத் தூண்கள் நைந்துபோய் 2025 ஏப்ரலில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அந்த மூலைக்கு அதுதான் வழி, மோவிச் ஏரிக்கும் அதுதான் வழி. ஆகவே கார்பன் சாலைக்கு சைக்கிளை இறக்குகிற இடம்வரைகூடக் காரில் போக முடியாது.

நீங்கள் ரெய்னியருக்கு வாருங்கள், தெற்குப் பக்கம் நிஸ்குவாலி வாசல் வழியாகப் போகலாம். வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே வலது பக்கம் ஆறு வரும், சன்ஷைன் பாயிண்ட் இருந்த இடம் அதுதான். வண்டியை ஓரம் கட்ட இடம் கிடைத்தால் மாமியாரும் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம், கூடாரம் போட்ட இடமெல்லாம் இப்போது கூழாங்கல். வருகிற தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், நானும் வருகிறேன்.